டெண்டரில் எழுதப்படும் ஊர்கள்

ராணுவத்துக்கு விமானமும் கப்பலும் வாங்கும்போது கூடவே வேலையையும் தொழிலையும் கேட்டு வாங்குகிறது கனடா. நாற்பது ஆண்டுகளில் கிடைத்தது என்ன, கைநழுவியது என்ன?

1986 அக்டோபர் 31 அன்று கனடாவின் மத்திய அரசு ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தை அறிவித்தது. விமானப்படைக்கு வாங்கிய 138 சி.எஃப்-18 போர் விமானங்களைப் பல ஆண்டுகளுக்குப் பழுதுபார்த்துத் தரும் வேலை. மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். மேற்கே மானிடோபா மாகாணத்தின் வினிபெக் நகரில் இருந்த பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ், கிழக்கே கியூபெக்கின் மொன்றியலில் இருந்த கனடேர் என்று போட்டி சூடாகியிருந்தது. அரசே அமர்த்திய நிபுணர்கள் ஒப்பந்தப்புள்ளிகளை வரிவரியாகப் படித்துப் பார்த்தார்கள். தொழில்நுட்பத்தில் பிரிஸ்டல் மேல் என்றார்கள். விலையும் அதுதான் குறைவு. வேலை கனடேருக்குப் போனது.

கனடேர் உள்நாட்டு நிறுவனம், பிரிஸ்டல் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸுக்குச் சொந்தமானது, போர் விமானத் தொழில்நுட்பம் கனடியக் கைகளில் தங்குவதே நாட்டுக்கு நல்லது என்று விளக்கம் சொன்னது பிரையன் மல்ரோனியின் அரசு. விளக்கத்தில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மேற்கு மாகாணங்களில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே எல்லோரும் போட்ட கணக்கு வேறு: அன்றைய நாடாளுமன்றத்தில் கியூபெக்குக்கு 75 தொகுதிகள், மானிடோபாவுக்கு 14.

ஓராண்டு கழித்து, 1987 அக்டோபர் இறுதியில், அதே வினிபெக்கில் கூடிய மாநாட்டில் ரிஃபார்ம் கட்சி பிறந்தது. தலைவர் பிரஸ்டன் மேனிங். 1993 தேர்தலில் அந்தக் கட்சி 52 இடங்களைப் பிடித்தது. ஆளுங்கட்சியாக இருந்த முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 2 இடங்களுக்குச் சுருண்டது. புதிய விற்பனை வரி, அரசியல் சட்டத் தகராறு, பொருளாதார மந்தம் என்று அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. என்றாலும் மேற்கத்தியர்களிடம் கோபம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பலர் விரல் நீட்டியது அந்த விமானப் பராமரிப்பு டெண்டரை நோக்கித்தான்.

டாலருக்கு டாலர்

அதே 1986-ல்தான் கனடா தன் 'தொழில், வட்டாரப் பலன்' கொள்கையையும் வகுத்தது. ஒரு நிறுவனம் ராணுவத்துக்கு 100 கோடி டாலருக்குத் தளவாடம் விற்றால், அந்த 100 கோடிக்கும் ஈடான தொழில் நடவடிக்கையைக் கனடாவுக்குள் நடத்திக் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இப்படிக் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது? 1959 பிப்ரவரியில் 'ஏவ்ரோ ஏரோ' என்ற சொந்தப் போர் விமானத் திட்டத்தை அரசு கைவிட்டதோடு, முழுப் போர் விமானத்தைத் தானே வடிவமைக்கும் ஆசையைக் கனடா மூட்டை கட்டிவிட்டது. அதன்பிறகு பெரிய விமானம் எது வேண்டுமென்றாலும் வெளியில்தான் வாங்க வேண்டும். வரிப்பணம் நாட்டைவிட்டுப் போகிறது. போகிற பணத்துக்கு ஏதாவது திரும்பி வரட்டும் என்பதே யோசனை. உலக வழக்கில் இதற்கு 'ஆஃப்செட்' என்று பெயர். நம் நாட்டிலும் 2005 முதல் பாதுகாப்புக் கொள்முதல் விதிகளில் இது இருக்கிறது. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்தானபோது 50 சதவீத ஆஃப்செட் பேசப்பட்டதையும், தருவதாகச் சொன்ன தொழில்நுட்பம் வந்து சேரவில்லை என்று 2020-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குறை சொன்னதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சாலை, பள்ளிக் கட்டடம், அலுவலகக் கணினி வாங்கும்போது இப்படிக் கேட்க முடியாதா? உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடுகள் ஆஃப்செட் கேட்கக் கூடாது என்று அந்த உடன்பாடே தடுக்கிறது. தேசப் பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் வட்டார வளர்ச்சி என்ற அமைதிக் கால ஆசை முழுக்க ராணுவ டெண்டர்களின் தலையில் வந்து விழுகிறது. ஒரு கப்பல் கடலில் எப்படி ஓடும் என்பதோடு, எந்த ஊரில் வெல்டருக்குச் சம்பளம் போகும் என்பதையும் அதே கோப்பு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

விற்பவர் போடும் வரைபடம்

இந்தப் பலன்களைத் திட்டமிடுவது விற்பனை நிறுவனத்தில் தனி வேலை. டெண்டர் அறிவிப்பு வந்த பிறகு உட்கார்ந்து யோசிப்பவர் தோற்றுப்போவார். வசந்தகாலத்தில் ஒட்டாவாவில் 'கேன்செக்', இலையுதிர்காலத்தில் ஹாலிஃபாக்ஸில் 'டெஃப்செக்' என்று பாதுகாப்புத் தொழில் கண்காட்சிகள் நடக்கும். லாக்ஹீட், ஏர்பஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் ஆட்கள் அங்கே சின்னச் சின்னக் கனடிய நிறுவனங்களை வரிசையாகச் சந்திப்பார்கள். எதிர்காலத்தில் யாரிடம் எந்த உதிரிபாகம் வாங்கலாம் என்று கணக்கெடுப்பதற்குத்தான் இந்தச் சந்திப்புகள். மத்திய அரசின் வட்டார வளர்ச்சி முகமைகள் இதில் தரகு வேலை பார்க்கும். அட்லாண்டிக் மாகாணங்களுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று, தெற்கு ஒன்டாரியோவுக்கு ஒன்று, மேற்குக்கு, வடக்குக்கு என்று தனித்தனியாக இருக்கும் இவற்றின் அதிகாரிகள், 'எங்கள் பக்கம் இன்னின்ன ஆலைகள் இருக்கின்றன, வந்து பாருங்கள்' என்று வெளிநாட்டு விற்பனையாளர்களை அழைத்துப்போவார்கள்.

பிறகு எழுத்து வேலை. விலைப்புள்ளி, தொழில்நுட்பப்புள்ளி ஆகியவற்றோடு பலன்களுக்கும் தனித் தொகுப்பு போகும். நிறுவனத்தின் வணிகத் திட்டம், கடமைகளை நிர்வகிக்கும் திட்டம், வட்டார வளர்ச்சித் திட்டம், சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான திட்டம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மொத்தக் கடமையில் 15 சதவீதம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குப் போக வேண்டும். 250 ஊழியர்களுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள். தருபவர் யார், பெறுபவர் யார், என்ன வேலை, எத்தனை டாலர், எந்த வட்டாரம், எந்த ஆண்டு.

சரிபார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு கறாரானவை. முதலாவது: இந்த டெண்டர் இல்லாவிட்டாலும் இந்த வேலை நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் கணக்கில் வராது. இரண்டாவது: இதில் கனடாவில் நடந்த உழைப்பும் பொருளும் எவ்வளவு? இறக்குமதி செய்த பாகத்துக்குப் பெட்டி மட்டும் இங்கே செய்துவிட்டு முழு விலையையும் காட்ட முடியாது. வென்ற பிறகு ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும், குறைந்தால் அபராதம் உண்டு. கடமை முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கையெழுத்திட்ட அமைச்சர் எங்கே இருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு நல்ல உதாரணம் 2016 டிசம்பரில் முடிவான தேடுதல்–மீட்பு விமான ஒப்பந்தம். 16 ஏர்பஸ் சி-295 விமானங்கள். தொடக்க ஒப்பந்தம் 240 கோடி டாலர். விமானம் பொருத்தப்படுவது ஸ்பெயினின் செவில் நகரில். ஆனால் இயந்திரம் கியூபெக்கில் தலைமையகம் கொண்ட பிராட் அண்ட் விட்னி கனடாவுடையது. கடலில் தத்தளிப்பவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் மின்னொளிக் கருவி ஒன்டாரியோவின் வெஸ்காம் தயாரிப்பு. விமானிகளுக்குப் பயிற்சி தரும் மையம் மேற்குக் கடற்கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமாக்ஸில். நடத்துவது மொன்றியலின் சி.ஏ.இ. பராமரிப்புக்குக் கிழக்குக் கோடியில் நியூஃபவுண்ட்லாந்தின் பி.ஏ.எல். ஏரோஸ்பேஸைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டு வரைபடத்தை விரித்துக் கடலிலிருந்து கடல்வரை புள்ளி வைத்தது போன்ற டெண்டர். வரைபடம் அழகாக இருந்தாலும் விமானம் உரிய காலத்தில் பணிக்கு வரும் என்று உத்தரவாதம் இல்லை. முதல் விமானம் 2020-ல் கோமாக்ஸுக்கு வந்த பிறகும் தேடுதல் பணியை ஏற்க ஆண்டுகள் இழுத்தது.

பெண் பார்க்கப் போன இடத்தில் சீர்வரிசைப் பட்டியலிலேயே பேச்சு நின்றுவிட்டால், பெண்ணையும் பிள்ளையையும் பற்றிக் கேட்க மறந்துவிடும். பலன்களில் மூழ்கிய டெண்டர்களிலும் இந்த ஆபத்து உண்டு.

பெருக்கல் விளையாட்டு

ஒப்பந்தப் பணத்துக்கு ஈடாக 100 சதவீதம் என்றால் நேரடியாக நூறு டாலரும் வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ஒரு டாலர் கொடுத்தால் ஐந்து டாலர் என்று எழுதிக்கொள்ள விதியில் இடமுண்டு. சிலவகை முதலீடுகளுக்கு அதைவிடவும் அதிகம். தவறென்று சொல்ல மாட்டேன். நட்டும் போல்ட்டும் வாங்குவதைவிட ஆய்வகத்துக்குப் பணம் தருவது நீண்ட காலத்தில் அதிகம் பலன் தரும் என்பதால்தான் அந்தச் சலுகை. ஆனால் ஓர் அமைச்சர் மேடையேறி 'இத்தனை கோடி டாலர் பலன்' என்று அறிவிக்கும்போது அதில் எத்தனை கோடி உண்மையான காசு, எத்தனை கோடி பெருக்கலில் வந்தது என்று பொதுமக்களுக்குத் தெரிய வழியில்லை. விற்பவரும் தர்மத்துக்கு இதைச் செய்யவில்லை. பலன்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்காவது விமானத்தின் விலையில் ஏறியிருக்கும். எவ்வளவு என்று தனியாகக் காட்டும் விலைப்பட்டியல் எந்த டெண்டரிலும் வராது.

பழைய முறையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. பலன் திட்டம் தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் பார்ப்பார்கள். நூறு சதவீதம் தருகிறேன் என்று எழுதினால் தேர்ச்சி. எல்லோரும் எழுதுவார்கள், எல்லோரும் தேறுவார்கள். நல்ல திட்டம் போட்டவருக்கும் ஒப்புக்கு எழுதியவருக்கும் வித்தியாசம் இல்லை. ஓபன்டெக்ஸ்ட் நிறுவனத்தின் டாம் ஜென்கின்ஸ் தலைமையில் 2013 பிப்ரவரியில் வந்த அறிக்கை, எந்தெந்தத் தொழில் திறன்களில் கனடா ஊன்றப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்பக் கேட்டு வாங்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே கொள்கை மாறியது. பெயர் 'தொழில், தொழில்நுட்பப் பலன்' என்று ஆனது. 'மதிப்பு முன்மொழிவு' என்ற பகுதிக்கு மதிப்பெண் வந்தது. வழக்கமாக மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 10 சதவீதம். 10 கோடி டாலருக்கு மேற்பட்ட பாதுகாப்புக் கொள்முதல்களில் இது நடைமுறை. 2018-ல் 16 முக்கியத் தொழில் திறன்களின் பட்டியலும் வெளியானது.

இதைத்தான் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், விற்பவர் தனக்கு வசதியானதைத்தான் கொடுப்பார். வட்டாரங்களுக்குப் பங்கு பிரிக்கும் பொறுப்பு மட்டும் காகிதத்தில் அடங்க மறுக்கிறது. அது எப்போதும் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கப்பல் கதை அதைத்தான் காட்டுகிறது.

மூன்று துறைமுகங்களின் கனவு

2011 அக்டோபர் 19 அன்று கனடா தன் கப்பல் கட்டும் திட்டத்தின் வெற்றியாளர்களை அறிவித்தது. 2,500 கோடி டாலர் மதிப்புள்ள போர்க்கப்பல் வேலை ஹாலிஃபாக்ஸின் இர்விங் தளத்துக்கு. 800 கோடி டாலர் மதிப்புள்ள மற்றக் கப்பல்கள் வான்கூவரின் சீஸ்பான் தளத்துக்கு. கியூபெக்கின் லெவியில் உள்ள டேவி தளத்துக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய அறிவிப்பை வெளியிட்டவர் அமைச்சர் அல்லர், துறையின் மூத்த அதிகாரி. மதிப்பெண்களை அதிகாரிகள் குழு போட்டது, நேர்மையைக் கண்காணிக்க வெளியாள் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஒட்டாவாவில் எல்லோருக்கும் 1986 நினைவிருந்தது. அரசியல்வாதிகள் வேண்டுமென்றே கை கட்டி நின்றார்கள். கியூபெக்கில் கசப்பு இருந்தது, ஆனால் கட்சி எதுவும் உடையவில்லை.

நல்ல முன்மாதிரி என்று பலரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டுவேன், 2019 வரை. பனி உடைக்கும் பெரிய துருவக் கப்பல் ஒன்றைக் கட்டும் வேலை 2011 முடிவின்படி வான்கூவருக்கு உரியது. சீஸ்பானில் மற்ற வேலைகள் தாமதமாக, 2019-ல் அந்தக் கப்பல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் அரசு புதிய முடிவை அறிவித்தது: துருவக் கப்பல் ஒன்றல்ல, இரண்டு, ஒன்று வான்கூவருக்கு, ஒன்று லெவிக்கு. டேவி 2023-ல் மூன்றாவது கூட்டாளியாகச் சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் இரண்டு தளங்களுக்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆர்க்டிக்கில் இரண்டு கப்பல் தேவை என்பதற்கு நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் அந்த வாதங்கள் 2011-லும் இருந்தவைதான்.

இந்தத் திட்டத்தில் ஒரு சிறு விதி எனக்குப் பிடித்தது. ஒப்பந்த மதிப்பில் 0.5 சதவீதத்தைக் கடல்சார் தொழிலின் மனிதவளம், தொழில்நுட்பம், தொழில் வளர்ச்சி ஆகியவற்றுக்குக் கப்பல் தளங்கள் செலவிட வேண்டும். ஒரு தலைமுறையாகப் பெரிய கப்பல் கட்டாத தளத்தில் வெல்டர் எங்கிருந்து வருவார் என்ற கேள்வியை அது நேராகச் சந்திக்கிறது. அரை சதவீதம் சிறியதுதான். ஆனால் இது பெருக்கலில் வந்த டாலரல்ல.

விலைதான் கழுத்தை நெரிக்கிறது. 15 போர்க்கப்பல்களுக்கு 2008-ல் ஏறத்தாழ 2,600 கோடி டாலர் என்று சொன்னார்கள். 2021-ல் நாடாளுமன்ற நிதி அலுவலர் போட்ட மதிப்பீடு 7,730 கோடி. முழு ஏற்றத்தையும் உள்நாட்டில் கட்டும் முடிவின் தலையில் கட்டுவது நியாயமாகாது. கப்பலும் பெரிதாகிவிட்டது, காலமும் கடந்துவிட்டது. ஆனால் தாமதத்தில் ஒரு பங்கு, காய்ந்துபோன தளங்களை மறுபடி உயிர்ப்பிக்க ஆன காலம்தான்.

வினிபெக்குக்கு வந்த வால்

எஃப்-35 விமானத் திட்டம் இந்தக் கொள்கைக்கே எதிர்த்திசை. அமெரிக்கா நடத்தும் அந்தக் கூட்டுத் திட்டத்தில் ஆஃப்செட் கிடையாது. பங்கு நாடுகள் முன்பணம் போட வேண்டும். அவற்றின் நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் போட்டியிட்டு வேலையை வெல்ல வேண்டும். உத்தரவாதம் யாருக்கும் இல்லை. கனடா 1997 முதல் அதில் பங்காளி. 2010-ல் போட்டியே இல்லாமல் 65 விமானங்கள் வாங்குவதாக அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் அரசு அறிவித்து, கணக்குகள் கேள்விக்குள்ளாகி, 2012-ல் அதைக் கைவிட்டது.

பிறகு நடந்த போட்டியில் 60 மதிப்பெண் திறனுக்கு, 20 விலைக்கு, 20 பொருளாதாரப் பலனுக்கு. நூறு சதவீத உத்தரவாதம் கட்டாயம் என்றால் லாக்ஹீட் மார்ட்டினால் கலந்துகொள்ளவே முடியாது. ஆகவே 2019-ல் விதி தளர்த்தப்பட்டது: எழுத்தில் உறுதி தராதவர்கள் பலன் மதிப்பெண்ணை இழப்பார்கள், ஆனால் போட்டியில் இருக்கலாம். கனடாவின் பொருளாதாரத்துக்குத் தீங்கு செய்த நிறுவனத்துக்கு மதிப்பெண் குறையும் என்றும் ஒரு விதி இருந்தது. கனடிய விமான நிறுவனமான பாம்பார்டியரின் சி-சீரிஸ் விமானத்துக்கு எதிராக 2017-ல் அமெரிக்காவில் புகார் கொடுத்த போயிங்கை நினைத்து எழுதிய விதி என்றே பலரும் பார்த்தார்கள். போயிங் 2021-ல் வெளியேற்றப்பட்டது. 2023 ஜனவரியில் 88 எஃப்-35 விமானங்களுக்கு முடிவானது. அறிவித்த மதிப்பு 1,900 கோடி டாலர். பலன் மதிப்பெண்ணில் பின்தங்கக்கூடிய விமானமே வென்றது.

வினிபெக்கின் பிரிஸ்டல் ஏரோஸ்பேஸ் 1997-ல் மகெல்லன் ஏரோஸ்பேஸ் கைக்கு மாறியது. அந்த ஆலை இன்று எஃப்-35ஏ விமானத்தின் கிடைமட்ட வால் பகுதிகளைச் செய்கிறது. எந்த அமைச்சரும் ஒதுக்கித் தந்த வேலையல்ல. மறுபக்கம், கனடேரின் ராணுவப் பராமரிப்புப் பிரிவு பல கை மாறி, இப்போது கியூபெக்கின் மிராபெலில் எல்-3 ஹாரிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது, சி.எஃப்-18 பராமரிப்பு இன்னும் அங்கேதான். உள்நாட்டு உடைமை என்று 1986-ல் சொன்ன காரணம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். இருந்தாலும் வேலை அங்கேயே தங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். உடைமை மாறியபோதும் இரண்டு ஊர்களிலும் நிலைத்தது தொழிலாளர்களின் கைத்திறன்தான். வினிபெக்குக்கு அது தோற்ற பிறகும் கைகொடுத்தது. ஆனால் கனடா பங்காளியாகப் பணம் கட்டியிராவிட்டால் போட்டிக்குள் நுழையும் வாய்ப்பே அந்த ஆலைக்குக் கிடைத்திருக்காது. ஆகவே உத்தரவாதமே வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மறுபடியும் பேரம்

2025 மார்ச்சில், டிரம்ப்பின் வரி மிரட்டல்களுக்கு நடுவே, பிரதமர் மார்க் கார்னி எஃப்-35 கொள்முதலை மறுஆய்வு செய்யச் சொன்னார். ஜூனில் வெளிவந்த தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை, மதிப்பீடு 2,770 கோடி டாலராக ஏறிவிட்டதைக் காட்டியது. முதல் 16 விமானங்களுக்கான பணம் ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டது. பேச்சு மீதி 72 பற்றித்தான். போட்டியில் தோற்ற ஸ்வீடனின் சாப், கிரிப்பன் விமானத்தைக் கனடாவிலேயே கட்டித் தருவதாகவும் பல்லாயிரம் பேருக்கு வேலை வரும் என்றும் சொல்லிக்கொண்டு மறுபடி வந்தது. இந்த முறை பலன்தான் முதல் வரி. விமானத்தின் திறன் பின்னால் வருகிறது.

ஆயிரக்கணக்கில் வேலை என்று கேட்டதும் மாகாணங்களின் காது நிமிர்வது இயல்பு. ஆனால் அந்த எண்ணிக்கையில் நேரடி வேலை எத்தனை, உதிரிபாக ஆலைகளில் எத்தனை, அந்தத் தொழிலாளர்கள் வாங்கும் காப்பிக்கும் ரொட்டிக்கும் எழுதப்பட்டவை எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். வடிவமைப்பின் உரிமை கைக்கு வருமா, மென்பொருளைத் தொட அனுமதி உண்டா, அமெரிக்க இயந்திரம் பொருத்திய அந்த விமானத்தை ஏற்றுமதி செய்ய வாஷிங்டனின் சம்மதம் வேண்டியிருக்குமே, அதற்கு என்ன வழி என்றும் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கணக்கு. 72 விமானங்களுக்காக ஓர் ஆலை கட்டினால், 73-வது விமானத்தை வாங்குவது யார்? சாப் உக்ரைனைச் சுட்டிக்காட்டுகிறது. அங்கே 100 முதல் 150 கிரிப்பன்வரை வாங்குவதற்கான விருப்பக் கடிதம் 2025 அக்டோபரில் கையெழுத்தானது. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பது அந்தக் கடிதத்தில் முடிவாகவில்லை.